வேதாரண்யத்தில் ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பது

திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்று சொல்வார்கள். விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறுகிறவர்களுக்கு வேதாரண்யம் நல்ல ஊர்தான். அங்கே வாடகைக்கு வீடு எடுத்துத் தனியாகத் தங்கி, வெள்ளிக்கிழமை இரவு கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை காலை பால்காரரிடம்தான் வாய் திறப்போம் என்ற நிலைமையில் இருப்பவர்களுக்கு அது வேறு ஊர்.

நான் கோயம்புத்தூர்க்காரி. ஒரு பொதுத்துறை வங்கியில் அதிகாரி. எங்கள் வேலையில் மேலே போக வேண்டுமென்றால் கிராமத்துக் கிளையிலோ சிற்றூர்க் கிளையிலோ சில வருடம் இருந்தாக வேண்டும். 2021 ஐப்பசியில் எனக்கு வந்த ஆணை வேதாரண்யம். 2024 வரை அங்கே இருந்தேன். இப்போது புதிதாக வேலையில் சேர்ந்து இப்படி ஊர்களுக்குப் போகிற பெண்கள் என்னிடம் கேட்பார்கள், எப்படிக்கா இருந்தீங்க என்று. அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன். ஆண்களுக்கும் பாதி பொருந்தும்.

முதலில் அந்த ஊர் ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே இறங்கும் கடற்கரை, கோடியக்கரை வந்ததும் மேற்கே திரும்பிவிடுகிறது. வேதாரண்யம் அந்த மூலையை ஒட்டி இருக்கிறது. ஊரைத் தாண்டித் தெற்கே போனால் அகஸ்தியம்பள்ளி, உப்பளம், கோடியக்காடு, கோடியக்கரை, அப்புறம் கடல். வேறெங்கோ போகிற வழியில் இறங்கி ஒரு டீ குடிக்கிறவர் என்று ஒருவரும் அந்த ஊருக்கு வர முடியாது. கோயிலுக்கு வருவார்கள், ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கடலில் முழுக வருவார்கள். மற்ற நாளில் புது முகம் என்றால் எதற்கோ வந்தவர், யாருக்கோ வேண்டியவர். அதனால் நான் வீடு பார்த்த வாரமே எந்த ஊர், எந்த பேங்க், கல்யாணம் ஆகவில்லை என்பதெல்லாம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், எனக்கு ஒருவரையும் தெரியாது. மாட்டிக்கொண்டோம் என்ற உணர்வு பெரும்பாலும் இந்தக் கோணலிலிருந்துதான் வருகிறது. நகரத்தில் தனியாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், அது ஒரு விதத்தில் நிம்மதி. இங்கே கவனிக்கப்பட்டுக்கொண்டே தனியாக இருக்க வேண்டும்.

போன நேரமும் சரியில்லை. வடகிழக்குப் பருவமழை அந்தக் கரையில் பெய்யும்போது கோயம்புத்தூர் மழையை மழை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். சுவரில் உப்பு பூத்து சுண்ணாம்பு உதிரும். இரும்பு கேட் கையில் துருவாக ஒட்டும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே ஊர் முகம் மாறிவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது இந்தப் பக்கம்தான். மாவும் தென்னையும் முந்திரியும் வேரோடு போயின. அங்கே எந்தக் கதையும் 'கஜாவுக்கு முன்னாடி' என்றோ 'கஜாவுக்கு அப்புறம்' என்றோதான் ஆரம்பிக்கும். எனக்கு அந்தக் கதைகள் முதலில் எதுவும் புரியவில்லை. மழை, ஈரத் துணி, கையில் போன், பத்து மணிக்குப் படுத்து இரண்டு மணிவரை விழிப்பு. வங்கிகளுக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை விடுமுறை. மற்றவர்களுக்கு வரம், எனக்குச் சனியும் ஞாயிறும் சேர்ந்து விடுமுறையாக வந்தால் வியாழக்கிழமையே வயிற்றில் ஏதோ செய்யும்.

வேலை நேரத்தில் ஒரு குறையும் இல்லை. கவுண்டர் முன்னால் கூட்டம், நகைக்கடன், பயிர்க்கடன், பாஸ்புக் என்று ஓடிவிடும். சிக்கல் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான்.

ஆண்களுக்குப் பாதிதான் பொருந்தும் என்றேனே, காரணம் இதுதான். சிற்றூரில் சும்மா இருக்க ஆண்களுக்கு இடம் இருக்கிறது. டீக்கடை பெஞ்சு, சலூன், பாலத்துக் கட்டை, பஸ் ஸ்டாண்ட். எங்கள் கிளையில் சேர்ந்த ஒரு தம்பிக்கு வந்த வேகத்திலேயே டீக்கடையில் நிரந்தர இடம் கிடைத்துவிட்டது. பெண்ணுக்குச் சும்மா உட்காரும் இடம் என்று வெளியில் எதுவும் கிடையாது. எங்கே நின்றாலும் ஒரு காரணத்தோடு நிற்க வேண்டும். கொஞ்ச நாள் கவனித்தால் அந்தக் காரணங்கள் எங்கே கிடைக்கும் என்று தெரியும். கோயில் பிராகாரம். தையல் கடை. பூக்கடை. வாசல்படி. இந்த நான்கும்தான் பெண்களின் டீக்கடை. ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் ஒரே தடவையில் வாங்கி வராதீர்கள். அளவு சரிபார்க்கப் போங்கள், கொக்கி வைக்கப் போங்கள். தையல்கார அக்கா ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டால் உங்களுக்கு ஊரில் ஒரு இடம் கிடைத்துவிட்டது என்று பொருள்.

அதே நேரத்துக்கு அதே இடத்துக்குப் போவதுதான் இதில் முக்கியம். நான் வேலை முடிந்து வரும்போது தினமும் ஒரே பூக்காரம்மாவிடம் முல்லை வாங்கினேன். சுற்றுப்பக்கக் கிராமங்களில் முல்லை நிறைய விளையும். வரத்து அதிகமான நாளில் விலை படுத்துவிடும், அன்றைக்குக் கூடவே ஒரு முழம் சும்மா வரும். எனக்குத் தலையில் பூ வைக்கும் பழக்கமே கிடையாது. வாங்கியதைச் சாமி படத்துக்குப் போட்டேன். இரண்டு நாள் காய்ச்சலில் போகாமல் இருந்தபோது, பேங்க் மேடம் ஏன் வரலை என்று அந்த அம்மா வீட்டுக்கே ஆள் அனுப்பி விசாரித்தார். தினமும் ஒரு முழம் பூ வாங்கியதற்கு இது பெரிய லாபம்.

அடுத்து சீரியல். சொன்னால் சிரிப்பீர்கள். ஏழு மணிக்குத் தெரு அடங்கிப்போவதைப் பார்த்து, ஊரே தூங்கிவிட்டது என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தேன். தூங்கவில்லை, எல்லா வீட்டிலும் டிவி ஓடுகிறது. கீழ் வீட்டில் வீட்டுக்கார அம்மா தனியாக உட்கார்ந்து பார்ப்பார். அவர் பிள்ளைகள் வெளியூரில். "வாயேன் பாப்பா, ஒத்தையில என்ன பண்ற" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் மாடியில் லேப்டாப்பில் எனக்குப் பிடித்த தொடர்களைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் மின்சாரம் போய்க் கீழே இறங்கினேன், கரண்ட் வந்த பிறகும் இருந்துவிட்டேன். அந்த மாமியார் கதை இன்றுவரை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காத சீரியலை ஒருவரோடு சேர்ந்து திட்டிக்கொண்டே பார்த்த இரவுகளில் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. பிடித்ததைத் தனியாகப் பார்த்த இரவுகளில் வரவில்லை. இதற்கு மேல் இதில் ஆராய எதுவும் இல்லை.

இங்கேதான் எனக்குத் தெரிந்த ஒரே பெரிய விஷயத்தைச் சொல்ல வேண்டும். நகரத்தில் பழக்கம் ரசனையால் வருகிறது. ஒரே புத்தகம் படிக்கிறோம், ஒரே ஜிம்முக்குப் போகிறோம், நண்பர்களாகிவிடுகிறோம். சின்ன ஊரில் அப்படி ஆள் தேடினால் கிடைக்காது. கிடைக்கவில்லையே என்று ஊர்மேல் கோபம் வரும், அந்தக் கோபத்தில் இன்னும் கதவைச் சாத்திக்கொள்வோம். சின்ன ஊரில் பழக்கம் கொடுக்கல் வாங்கலால் வருகிறது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் மீன் குழம்பு வரும். கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். நீங்கள் ஏதாவது போட்டுக் கொடுப்பீர்கள், அடுத்த வாரம் அந்தக் கிண்ணம் மறுபடி வரும். ஒரு வங்கிக்காரியாகச் சொல்கிறேன், அண்டை வீட்டுக் கணக்கை மட்டும் எப்போதும் நேர் செய்துவிடாதீர்கள். கொஞ்சம் பாக்கி நிற்க வேண்டும், அங்கேயோ இங்கேயோ. உடனுக்குடன் தீர்த்துவிட்டால் கணக்கு முடிந்துவிடும்.

படித்து வேலைக்குப் போகிற பெண்களுக்கு இது கஷ்டம். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இருப்பதைப் பெரிய குணம் என்று நம்மை வளர்த்துவிட்டார்கள். சிற்றூரில் உதவியே கேட்காதவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எனவே கேளுங்கள். ஒரு கட்டு கருவேப்பிலை, மோட்டார் ரிப்பேர்காரர் நம்பர், கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க முடியுமா, எது வேண்டுமானாலும். பதிலுக்கு உங்களால் என்ன முடியும் என்று யோசிக்கவே தேவையில்லை, அவர்களே கேட்பார்கள். எனக்கு வந்தவை: ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, ஆங்கிலத்தில் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது, பத்தாம் வகுப்புப் பையனுக்குக் கணக்கு. அந்தப் பையனின் அம்மா சனிக்கிழமைதோறும் நண்டு கொடுத்தார். சுத்தம் செய்யத் தெரியாது என்றதும் சுத்தம் செய்தே கொடுத்தார்.

கல்யாணத்தைவிடத் துக்கத்துக்குப் போவது முக்கியம். கல்யாணத்துக்கு மொய் மட்டும் கொடுத்தனுப்பினாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சாவு வீட்டுக்கு வந்தவரை மறக்க மாட்டார்கள். பூக்காரம்மாவின் மாமியார் இறந்தபோது போய்ச் சற்றுநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் என்னை யாரும் மேடம் என்று கூப்பிடவில்லை.

கேள்விகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகலை, நேற்று ராத்திரி இரண்டு மணிவரை லைட் எரிந்ததே உடம்புக்கு என்ன? எரிச்சலாக வரும். மூடி மறைத்தால் கதை கட்டுவார்கள், எல்லாவற்றையும் சொன்னால் அது மூன்று தெருவுக்குப் போகும். எந்த விஷயத்தை ஊருக்குக் கொடுக்கலாம் என்று நீங்களே முடிவு செய்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள். என் அம்மாவின் முட்டி வலி ஊரின் பொதுச் சொத்தாக இருந்தது. எல்லாரும் விசாரிப்பார்கள், ஆளுக்கொரு தைலம் சொல்வார்கள், மற்றது எதையும் கேட்க நேரம் இருக்காது. கல்யாணக் கேள்விக்கு 'வீட்ல பாத்துக்கிட்டிருக்காங்க' என்பதே போதும். பார்க்கிறார்களா இல்லையா என்பது நம் வீட்டு விஷயம். உடனே திருப்பி அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும். உண்மையில் பலர் கேள்வி கேட்பது, நாம் பதிலுக்கு அவர்களைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.

ஊர் சலிப்பாக இருந்ததற்கு இன்னொரு காரணம், அந்த ஊரின் காலக் கணக்கு எனக்குத் தெரியாமல் இருந்தது. அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். கடன் விஷயமாகக் குழுவைப் பார்க்கப் போவது என் வேலையின் ஒரு பகுதி. குழுவை வழிநடத்தும் ஊக்குநர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீர்மான நோட்டைப் புரட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தால் பொழுது போவது தெரியாது. அவர்களில் சிலர் உப்பள வேலைக்குப் போகிறவர்கள். மழை விட்டதும் தண்ணீர் வடிய வைத்துப் பாத்தி சீர் செய்வார்கள், வெயில் ஏற ஏற உப்பு விளையும், ஐப்பசி மழை வந்தால் எல்லாம் மூழ்கும், அந்த மாதங்களில் கையில் காசு இருக்காது. தவணையை எந்த மாதத்தில் கேட்கலாம், எந்த மாதத்தில் கேட்கக் கூடாது என்பது அதிலேயே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் விலை ஏறும். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனில் நகைக்கடனுக்குக் கூட்டம் அலைமோதும். ஐப்பசிக்கு மேல் கோடியக்கரையில் வெளியூர் மீனவர்கள் வந்து கொட்டகை போட்டுத் தங்குவார்கள், அதே காலத்தில் பூநாரைகளும் வரும். மாசியில் கோயில் திருவிழா. எல்லா நாளும் ஒன்றுபோல இருக்கிறது என்று நான் நினைத்த ஊரில் ஒரு மாதம் இன்னொரு மாதத்தைப் போல இல்லை. இதை யாரிடமாவது கேட்டு, ஒரு வருட அட்டவணையாகப் போன உடனேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

1930ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடம் அகஸ்தியம்பள்ளி. பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண் கேள்விக்குப் படித்தது. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 30 அன்று அங்கே நினைவாக உப்பு அள்ளுவார்கள். குழுப் பெண்களோடு நானும் ஒருமுறை போய் நின்றேன். கூட்டத்தைப் பார்த்து ஒரு அக்கா சொன்னார், "நாங்க தெனம் அள்ளுறோம், ஒருத்தரும் போட்டோ புடிக்கல." திரும்பி வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தோம்.

இவ்வளவு சொன்னாலும், ஊர் எல்லாவற்றையும் கொடுத்துவிடாது. நான் படிப்பதைப் பற்றி, எனக்குள் ஓடுவதைப் பற்றிப் பேச அங்கே ஆள் கிடைக்கவில்லை. அதற்குக் கல்லூரித் தோழி ஒருத்தி இருந்தாள். புதன்கிழமை இரவு ஒன்பதரைக்குப் போன் என்று வைத்துக்கொண்டோம். முடியும்போது பேசலாம் என்று விட்டால் நடக்காது, நாள் குறித்தால்தான் நடக்கும். மனசுக்கு அவள், அன்றாடத்துக்கு ஊர். இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்காமல் இருந்ததால் இரண்டு பக்கமும் குறை தெரியவில்லை.

வாராவாரம் ஊருக்கு ஓடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எனக்கு வழி: பஸ்ஸில் திருத்துறைப்பூண்டி, அங்கிருந்து மன்னார்குடி, ராத்திரி செம்மொழி எக்ஸ்பிரஸ், விடிந்தால் கோவை. போன களைப்பு தீருமுன் திரும்பும் நேரம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடே தொண்டையில் இறங்காது. இரண்டு ஊரிலும் விருந்தாளியாக இருப்பது தனிமையை இரட்டிப்பாக்கும். மாதத்துக்கு ஒரு தடவைபோல, முன்கூட்டியே டிக்கெட் எடுத்து, தேதியைச் சுவரில் எழுதி வைத்துப் போய் வந்தது எனக்குச் சரியாக இருந்தது. மற்ற ஞாயிறுகளுக்கு ஒரே விதி: காலை பத்து மணிக்குள் ஏதாவது ஒரு காரணத்தோடு வீட்டைவிட்டு வெளியே போய்விட வேண்டும். மதியம்வரை படுத்துக் கிடந்தால் அந்த நாளை மீட்க முடியாது. மீன் வாங்கவோ, குழுவில் யாரையாவது பார்க்கவோ, கிளையில் உள்ளவர்கள் குடும்பத்தோடு கோடியக்கரை போனால் தொற்றிக்கொண்டு வெளிமான் பார்க்கவோ போகலாம். 2023 ஏப்ரலில், பல வருடமாக நின்றுபோயிருந்த ரயில் அகஸ்தியம்பள்ளியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு அகலப் பாதையில் மறுபடி ஓட ஆரம்பித்தது. மொத்தமே 37 கிலோமீட்டர். ஒரு வேலையும் இல்லாமல் நானும் வீட்டுக்கார அம்மாவும் போய் டிபன் சாப்பிட்டுவிட்டு வந்தோம். பாதிப் பெட்டியில் எங்களைப் போலச் சும்மா வந்தவர்கள்தான்.

ஒரு எச்சரிக்கை. தனிமை வேறு, மனச்சோர்வு வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டுப்போய், எதிலும் பிடிப்பில்லாமல், இருந்து என்ன பயன் என்று ஓடினால் அதைச் சீரியலும் மீன் குழம்பும் சரி செய்யாது. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். உள்ளூர் டாக்டரிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று தயங்குகிறவர்களுக்கு இது வசதி. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மாவட்டத் தலைநகர்வரை பஸ்ஸில் போய் வருவதிலும் ஒரு வெட்கமும் இல்லை.

எல்லாருக்கும் இது சரிப்பட்டு வரும் என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் கிளைக்குப் பீகாரிலிருந்து வந்த ஓர் இளைஞர், தமிழ் தெரியாமல், சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், பையன்களோடு கிரிக்கெட் ஆடுவதை மட்டும் வைத்துக்கொண்டு சமாளித்துப் பார்த்தார். முடியவில்லை. மாற்றல் கேட்டு எழுதினார், கிடைத்தது, போய்விட்டார். அவர் செய்தது சரி. இருந்து காட்டுவதற்கு யாரும் பரிசு தரப்போவதில்லை. மாற்றல் கேட்பதானால் பொத்தாம்பொதுவாக எழுதாமல், பெற்றோரின் உடல்நிலை போன்ற காரணத்தைச் சான்றோடு எழுதுங்கள், நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை ஊரில் பழகுவதை நிறுத்தாதீர்கள், அது வர மாதக்கணக்காகலாம்.

மாற்றல் வந்து கிளம்பும்போது, யார் யார் உங்களுக்கு என்ன செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகைகள் வாட்ஸ்ஆப்பில் தொடர்ந்து வரும். போன ஆவணியில் எனக்கு மூன்று வந்தன.